செல் சவ்வு இளகுவதும் இறுகுவதும்: மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பதினொன்றாம் வகுப்புக்கும் கல்லூரி முதலாண்டுக்கும் செல் சவ்வுப் பாடம் எடுக்கும்போதெல்லாம் எனக்கு வந்து சேரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். பாடநூலில் ‘பாய்மத்தன்மை’ என்று இருக்கும். நான் பல இடங்களில் ‘இளக்கம்’ என்றே எழுதியிருக்கிறேன், இரண்டும் ஒன்றுதான். தேர்வில் பாடநூல் சொல்லையே எழுதுங்கள்.

சவ்வுன்னா ஒரு உறை மாதிரிதானே மிஸ், அது எப்படி திரவமாகும்?

பாலின் மேல் படியும் ஆடையை மனதில் வைத்துக்கொண்டால் இந்தச் சந்தேகம் தீரவே தீராது. ஆடையை ஸ்பூனால் ஓர் ஓரத்தில் தூக்கினால் மொத்தமும் சேர்ந்து எழும், ஏனென்றால் அதில் உள்ளவை ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. செல் சவ்வில் அப்படி இல்லை. அதில் உள்ள பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகளுக்கு இடையே வேதிப்பிணைப்பே கிடையாது. ஒவ்வொன்றுக்கும் நீரை விரும்பும் ஒரு தலை, நீரை ஒதுக்கும் இரண்டு வால்கள். வால்களை நீரிலிருந்து மறைத்துக்கொள்ள இரண்டு அடுக்காக அணிவகுத்து நிற்கின்றன, அவ்வளவுதான்.

தேர்த் திருவிழாக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். யாரும் யார் கையையும் பிடித்திருப்பதில்லை, ஆனாலும் தெரு நிறைந்து நிற்கிறது. நடுவில் ஒருவர் நுழைந்து போனால் வழிவிட்டுத் திரும்ப மூடிக்கொள்கிறது. சவ்வு அந்த மாதிரி. ஒரு லிப்பிடு தன் பக்கத்து லிப்பிடோடு நொடிக்குச் சுமார் ஒரு கோடி தடவை இடம் மாறிக்கொள்கிறது. 2 மைக்ரோமீட்டர் தூரத்தை, அதாவது ஒரு பாக்டீரியாவின் நீளத்தை, ஏறக்குறைய ஒரே நொடியில் கடந்துவிடும்.

இதை யாராவது கண்ணால பார்த்திருக்காங்களா?

பார்த்திருக்கிறார்கள். 1970இல் ஃப்ரை, எடிடின் என்ற இருவர் மனித செல்லையும் எலி செல்லையும் ஒரு வைரஸின் உதவியால் ஒன்றாக இணைத்தார்கள். மனித செல்லின் சவ்வுப் புரதங்களுக்குச் சிவப்பு ஒளிர்சாயம், எலியின் புரதங்களுக்குப் பச்சை. இணைந்த உடனே பார்த்தால் பாதி சிவப்பு, பாதி பச்சை. 37 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம் கழித்துப் பார்த்தால் இரண்டு நிறமும் செல் முழுக்கக் கலந்திருந்தன.

பெரும்பாலானோர் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் சோதனையின் சுவையான பகுதி அடுத்ததுதான்: 15 டிகிரிக்குக் கீழே அதே செல்களை வைத்தபோது கலப்பு ஏறக்குறைய நின்றுபோனது. ஆற்றலை உண்டாக்கும் வினைகளைத் தடுத்துப் பார்த்தபோதோ நிறங்கள் வழக்கம்போலக் கலந்தன. செல் செலவு செய்து புரதங்களை நகர்த்தவில்லை, இளகிய சவ்வில் அவை தாமாக அலைந்தன என்பது அதனால்தான் உறுதியானது. இரண்டு வருடம் கழித்து 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்த பாய்ம மொசைக் மாதிரிக்கு இது ஒரு முக்கியத் தூண்.

எல்லா சவ்விலயும் லிப்பிடுதான் இருக்கு. அப்புறம் ஏன் ஒண்ணு இளகியும் ஒண்ணு இறுகியும் இருக்கு?

மார்கழிக் காலையில் சமையலறை அலமாரியைத் திறந்தால் பதில் கண்ணெதிரே இருக்கும். தேங்காய் எண்ணெய் பாட்டிலில் வெள்ளையாக உறைந்து நிற்கிறது. பக்கத்திலேயே அதே குளிரில் நல்லெண்ணெய் ஓடுகிறது. தேங்காய் எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்றவை, அதாவது இரட்டைப் பிணைப்பு இல்லாதவை. அவற்றின் கார்பன் சங்கிலி நேரானது, விறகுக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி அடுக்கிவிடலாம். நல்லெண்ணெயில் பெரும்பகுதி நிறைவுறாதவை. இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் சங்கிலி வளைந்திருக்கும், நெருங்கி அடுக்க முடியாது.

சவ்வின் வால்களும் இதே கொழுப்பு அமிலங்கள்தான். எண்ணெய் என்பது டிரைகிளிசரைடு, சவ்வு என்பது பாஸ்போலிப்பிடு, அதனால் இரண்டையும் அப்படியே சமன் செய்யக் கூடாது. ஆனால் வால் நேராக இருந்தால் இறுக்கம், வளைந்திருந்தால் இளக்கம் என்ற விதி இரண்டுக்கும் பொது.

தேங்காய் எண்ணெய் அவ்வளவு நிறைவுற்றதுன்னா 24 டிகிரியிலேயே ஏன் உருகிடுது? நம்ம ஊர்ல வருஷத்துல முக்கால்வாசி நாள் ஓடிட்டுத்தானே இருக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணை அன்று வகுப்பு முழுவதும் பாராட்டிக்கொண்டிருந்தேன். காரணம் வாலின் நீளம். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், அதற்கு 12 கார்பன்தான். வால் குட்டையாக இருந்தால் பக்கத்து வாலோடு உரசும் பரப்பு குறைவு, இழுத்துப் பிடிக்கும் விசையும் குறைவு.

சவ்வில் இதைச் சுத்தமாகப் பார்க்கலாம். ஒரே தலை, அதாவது கோலின் தலை கொண்ட பாஸ்போலிப்பிடுகளை எடுத்து, வால்களின் நீளத்தை மட்டும் மாற்றினால், 14 கார்பன் வால்கள் உள்ளது சுமார் 24 டிகிரியில் இளகும். 16 கார்பனுக்கு 41. 18 கார்பனுக்கு 55. எல்லாமே நிறைவுற்றவைதான், நீளம் மட்டும் வேறு.

ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு அவ்வளவு பெரிய வித்தியாசம் பண்ணுமா?

மேலே சொன்ன 18 கார்பன் லிப்பிடையே எடுத்துக்கொள்ளுங்கள், 55 டிகிரி. அதில் ஒரு வாலை மட்டும் நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு உள்ள ஓலிக் அமிலமாக மாற்றினால் இளகும் வெப்பநிலை 6 டிகிரிக்கு அருகில் விழுந்துவிடும். இரண்டு வாலையும் மாற்றினால் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 17. முதல் வளைவுக்குத்தான் பெரிய சரிவு. அதற்கு மேல் பிணைப்புகளைக் கூட்டிக்கொண்டே போனாலும் அதே அளவுக்கு இறங்காது.

பிணைப்பு எங்கே இருக்கிறது, எந்த வடிவில் இருக்கிறது என்பதும் முக்கியம். சங்கிலியின் நடுவில் இருந்தால் அடுக்கு அதிகம் கலையும், ஓரத்தில் இருந்தால் குறைவு. சிஸ் வடிவம் என்றால்தான் வளைவு. டிரான்ஸ் வடிவம் ஏறக்குறைய நேராகவே நிற்கும்: ஓலிக் அமிலம் 13 டிகிரியில் உருகும், அதன் டிரான்ஸ் சகோதரன் எலைடிக் அமிலத்துக்குச் சுமார் 45 வேண்டும். வனஸ்பதி கட்டியாக இருந்ததில் இதற்கும் பங்கு உண்டு. (டிரான்ஸ் கொழுப்புக்கு இந்தியாவில் 2022 ஜனவரி முதல் 2 சதவீத உச்சவரம்பு வந்ததற்குக் காரணம் இதய நோய். சவ்வு இறுகிவிடும் என்பதற்காக அல்ல.)

‘இளகும் வெப்பநிலை’ன்னா அதுக்குக் கீழே சவ்வு ஐஸ் ஆயிடுமா?

ஐஸ் ஆவது தண்ணீர். இங்கே தண்ணீர் தண்ணீராகவே இருக்கும்போதே வால்கள் மட்டும் விறைத்து நேராகிவிடுகின்றன. இதை ஜெல் நிலை என்பார்கள். வால்கள் நீண்டு நிற்பதால் சவ்வு கொஞ்சம் தடிக்கும், பரப்பு சுருங்கும், பக்கவாட்டு நகர்வு வெகுவாகக் குறையும். 41 டிகிரியில் இளகும் லிப்பிடை மட்டும் வைத்து நம் உடம்பில் ஒரு சவ்வு இருந்தால் 37 டிகிரியில் அது ஜெல்தான். எந்த செல்லும் ஒரே வகை லிப்பிடை வைத்துச் சவ்வு கட்டுவதில்லை என்பதால் அந்தத் திடீர் மாற்றம் நமக்கு நேர்வதில்லை.

அப்படி ஓடிக்கிட்டே இருந்தா மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் கலந்துடாதா?

பக்கவாட்டில் ஓடுவது சுலபம். குட்டிக்கரணம் போட்டு மறு அடுக்குக்குப் போவது கடினம், ஏனென்றால் நீர் விரும்பும் தலை எண்ணெய் போன்ற நடுப்பகுதியைக் கடந்தாக வேண்டும். தானாக நடக்க மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். அவசரமாக மாற்ற வேண்டுமென்றால் செல் அதற்கென உள்ள ஃபிளிப்பேஸ் போன்ற புரதங்களை வைத்து மாற்றிக்கொள்கிறது. கொலஸ்ட்ரால் விதிவிலக்கு: அதன் தலை வெறும் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி என்பதால் சட்டென்று புரண்டுவிடும்.

கொலஸ்ட்ரால் சவ்வை இளக்குமா, இறுக்குமா? ஒரு புக்ல அப்படி, இன்னொரு புக்ல இப்படிப் போட்டிருக்கு.

அதிகம் பேர் கேட்டது இதுதான். இரண்டு புத்தகமும் சரி. வெப்பநிலையைச் சொல்லாமல் இந்தக் கேள்வியை ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்பதுதான் தவறு.

கொலஸ்ட்ரால் மூலக்கூறு எப்படி நிற்கிறது என்று பாருங்கள். அதன் ஹைட்ராக்சில் முனை பாஸ்போலிப்பிடுகளின் தலைப் பக்கம் இருக்கும். அதற்குக் கீழே நான்கு வளையங்கள் சேர்ந்த, வளையாத தட்டையான பலகை. அதற்கும் கீழே ஒரு சின்ன வால். அந்தப் பலகை பக்கத்து வால்களின் மேல்பகுதியோடு, ஏறக்குறைய முதல் பத்து கார்பன்களோடு, ஒட்டி நிற்கிறது. இளகிய சவ்வில் இப்படி ஒரு பலகை நுழைந்தால் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த வால்கள் ஆட இடமில்லாமல் நிமிர்கின்றன. ஆக, வெப்பமான நிலையில் இளக்கம் குறைகிறது, சிறிய மூலக்கூறுகள் ஒழுகிப்போவதும் குறைகிறது. அதே பலகை குளிரில் என்ன செய்யும்? வால்கள் விறகுக்கட்டு போல அடுக்கப் பார்க்கும்போது நடுநடுவே வேறு வடிவத்தில் ஒரு கட்டை. அடுக்கு சேராது, ஜெல் நிலைக்குப் போக முடியாது. குளிரில் இளக்கத்தைக் காப்பாற்றுகிறது.

போதுமான அளவு, அதாவது லிப்பிடுகளில் பாதியை நெருங்கும் அளவுக்குக் கொலஸ்ட்ரால் இருந்தால் ‘இந்த வெப்பநிலையில் இளகும்’ என்று சொல்லக்கூடிய அந்தத் திடீர் மாற்றமே காணாமல் போய்விடும். நம் சிவப்பணுவின் சவ்வு கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் இருக்கிறது. விடைத்தாளில் இப்படி எழுதுங்கள்: உயர் வெப்பநிலையில் குறைக்கும், தாழ் வெப்பநிலையில் இறுகாமல் தடுக்கும். வினாவில் மனித உடல் வெப்பநிலை என்று இருந்தால் முதல் பாதியே விடை.

செடியில கொலஸ்ட்ரால் இல்லைன்னு சொன்னீங்க. அப்ப அதுக்கு யார் இந்த வேலையைச் செய்வாங்க?

சொந்தக்காரர்கள் செய்வார்கள். தாவரங்களில் சிட்டோஸ்டிரால், ஸ்டிக்மாஸ்டிரால் போன்றவை. கொலஸ்ட்ராலும் மிகச் சிறு அளவில் உண்டு. பூஞ்சைகளில் எர்கோஸ்டிரால். படர்தாமரைக்கும் வேறு பூஞ்சைத் தொற்றுகளுக்கும் தரும் ஃபுளுகோனசோல் எர்கோஸ்டிரால் தயாரிப்பைத்தான் தடுக்கிறது. நம் செல்லில் எர்கோஸ்டிரால் இல்லாதது நமக்கு வசதி. பெரும்பாலான பாக்டீரியாக்களில் எந்த ஸ்டிராலும் இல்லை. சிலவற்றில் ஸ்டிராலைப் போன்ற வடிவமுள்ள ஹோப்பனாய்டுகள் அந்த இடத்தை நிரப்புகின்றன. நம் மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்விலும் கொலஸ்ட்ரால் மிகக் குறைவு.

எல்லாத்துக்கும் வாலைத்தான் சொல்றீங்க, தலைக்கு வேலையே இல்லையா?

உண்டு. 16 கார்பன் வால்கள், கோலின் தலை என்றால் 41 டிகிரி என்று முன்பே பார்த்தோம். வாலை அப்படியே விட்டுத் தலையை எத்தனாலமீனாக மாற்றினால் 63 டிகிரி. தலை சிறியது, பக்கத்துத் தலைகளோடு ஹைட்ரஜன் பிணைப்பும் போடுகிறது, அதனால் நெருங்கி நிற்கிறது.

வாழைப்பழம் ஃப்ரிட்ஜ்ல வச்சா கறுக்குதே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறது. வாழை வெப்பநாட்டுப் பயிர். சுமார் 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் அதற்குக் குளிர்க்காயம் வரும், உறைநிலையெல்லாம் வேண்டியதில்லை. குளிரில் சவ்வுகள் இறுகி, அங்கங்கே காப்பு இழந்து ஒழுகத் தொடங்குகின்றன. நுண்குமிழியில் பூட்டியிருந்த ஃபீனால் பொருள்களும் வேறு அறையில் இருந்த நொதியும் சந்தித்துக்கொள்கின்றன. தோல் கறுக்கிறது. உரித்துப் பார்த்தால் உள்ளே சதை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், பழத்தை வீசிவிடாதீர்கள்.

குளிரைத் தாங்கும் செடிக்கும் தாங்காத செடிக்கும் உள்ள வேறுபாட்டில் லிப்பிடின் பங்கு எவ்வளவு? ஜப்பானில் முராட்டா குழுவினர் 1992இல் புகையிலைச் செடியில் ஒரே ஒரு நொதியின் மரபணுவை நுழைத்துப் பார்த்தார்கள். பசுங்கணிகச் சவ்வில் உள்ள ஃபாஸ்ஃபடிடில்கிளிசரால் என்ற பாஸ்போலிப்பிடில் எந்த வால் ஏற வேண்டும் என்று முடிவு செய்யும் நொதி அது. பூசணி இனத்திலிருந்து எடுத்த மரபணு நிறைவுற்ற வால்களைக் கூட்டியது, செடி குளிரில் சீக்கிரம் வாடியது. அரபிடாப்சிஸ் என்ற கடுகு இனச் சிறு செடியிலிருந்து எடுத்தது நிறைவுறாத வால்களைக் கூட்டியது, செடி குளிரைத் தாங்கியது.

குளிர் வந்தா பாக்டீரியா என்ன பண்ணும்? அதுக்கு ஸ்வெட்டர் இல்லையே.

வாலை மாற்றிக்கொள்ளும். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவைக் குறைந்த வெப்பநிலையில் வளர்த்தால் அதன் சவ்வில் நிறைவுற்ற பால்மிடிக் குறைந்து நிறைவுறா அமிலங்கள் கூடுகின்றன. 1974இல் சினென்ஸ்கி இதை அளந்தபோது, வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்ந்த பாக்டீரியாக்களின் சவ்வுகள், அவை வளர்ந்த அந்தந்த வெப்பநிலையில், ஏறக்குறைய ஒரே பிசுபிசுப்போடு இருந்தன. லிப்பிடு மாறியது, இளக்கம் மாறவில்லை. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவில் டெஸ்-கே என்ற சவ்வுப் புரதமே குளிரை உணர்ந்து, இரட்டைப் பிணைப்பு போடும் நொதியைத் தயாரிக்கச் சொல்கிறது.

தன் உடல் சூட்டைத் தானே காக்காத மீன்களும் இதைச் செய்கின்றன. குளிர்காலத்தில் கெண்டை மீனின் சவ்வில் நிறைவுறா வால்கள் கூடும். துருவமான் வெப்ப இரத்த விலங்குதான், ஆனால் பனியில் நிற்கும் அதன் காலில் குளம்பை நெருங்க நெருங்க நிறைவுறாக் கொழுப்பின் பங்கு கூடுகிறது.

கொதிக்கிற ஊற்றுல வாழுற நுண்ணுயிரிக்கு இதே வழியா?

அங்கே வால் மாற்றம் மட்டும் போதாது, கட்டுமானமே வேறு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் கண்டெடுக்கப்பட்ட சல்ஃபோலோபஸ் என்ற ஆர்க்கியா (பாக்டீரியாவிலிருந்து வேறான ஒரு நுண்ணுயிரி வகை) 75 முதல் 80 டிகிரியில், அமிலத்தில் செழிக்கிறது. அதன் லிப்பிடில் எஸ்டர் பிணைப்புக்குப் பதில் ஈதர் பிணைப்பு, எளிதில் உடையாது. இரண்டு அடுக்கின் வால்களும் நடுவில் சேர்ந்து ஒரே நீள மூலக்கூறாகி இக்கரையிலிருந்து அக்கரை வரை நிற்கின்றன. பிரிந்துபோக இரண்டு அடுக்கே இல்லை.

இளகினாதான் நல்லதுன்னா ரொம்ப இளகினா ரொம்ப நல்லதுதானே?

இல்லை. சவ்வின் முதல் வேலை உள்ளே இருப்பதை உள்ளே வைத்திருப்பது. பீட்ரூட்டைச் சின்னத் துண்டுகளாக்கி, வெட்டிய இடத்தின் சாறு போகும்வரை நன்றாகக் கழுவிவிட்டு, ஒன்றைக் குளிர்ந்த நீரிலும் ஒன்றை 70 டிகிரி நீரிலும் ஒன்றை ஸ்பிரிட்டிலும் போடுங்கள். முதல் டம்ளர் தெளிவாக இருக்கும். மற்ற இரண்டும் சிவக்கும். ஆல்கஹால் வால்களுக்கு நடுவே புகுந்து அடுக்கைக் கலைக்கிறது. வெந்நீரில் லிப்பிடு இளகுவதோடு புரதங்களும் உருக்குலைகின்றன, அதனால் அந்தச் சிவப்பு முழுவதையும் லிப்பிடின் கணக்கில் எழுதக் கூடாது.

ஒரு மாணவன் துண்டுகளை இரவு முழுவதும் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, ‘மிஸ், குளிர்லயும் சிவக்குது, அப்ப குளிரும் இளக்குதா’ என்று கேட்டான். அது வேறு கதை. செல்லுக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகி ஊசிபோல் சவ்வைக் கிழித்துவிட்டது.

நெய் நிறைய சாப்பிட்டா என் செல் எல்லாம் இறுகிடுமா? மீன் சாப்பிட்டா இளகுமா?

சாப்பிடும் கொழுப்பு சவ்வுக்குப் போய்ச் சேர்வது உண்மைதான். தொடர்ந்து சில வாரங்கள் மீன் சாப்பிட்டால் சிவப்பணுச் சவ்வில் ஒமேகா-3 அமிலங்களின் பங்கு கூடுவதை அளந்து பார்க்கலாம். ஆனால் செல் வந்ததை அப்படியே பூசிக்கொள்ளும் சுவர் அல்ல. நிறைவுற்ற வாலில் ஒன்பதாவது கார்பனில் இரட்டைப் பிணைப்பு போடும் நொதி நம்மிடம் இருக்கிறது. அதற்கு அப்பால், வாலின் முனைப் பக்கம் போட முடியாது, அதனால்தான் லினோலிக், ஆல்ஃபா லினோலெனிக் அமிலங்களை உணவில் வாங்க வேண்டியிருக்கிறது. கொலஸ்ட்ராலையும் செல் தானே தயாரித்து, தேவைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும். ஈ.கோலைக்குச் சொன்ன, இளக்கத்தைச் சமநிலையில் வைக்கும் அதே வேலைதான். நெய்யைப் பற்றி இதய மருத்துவர் சொல்வது இரத்தக்குழாய் பற்றியது, அதைக் கேளுங்கள்.

இந்தச் சமநிலை தோற்கும் இடமும் உண்டு. கடுமையான கல்லீரல் நோயில் சிவப்பணுச் சவ்வில் கொலஸ்ட்ரால் அளவுக்கு மீறி ஏறும். வட்டமாக, வளைந்துகொடுத்துப் போக வேண்டிய அணு விறைத்து, முள் முள்ளாக மாறி, மண்ணீரலில் சிக்கி அழிகிறது.

அப்ப ஒரு செல்லோட சவ்வு முழுக்க ஒரே மாதிரி இளகி இருக்கும்னு எழுதலாமா?

எழுதாதீர்கள். சவ்வில் ஸ்ஃபிங்கோலிப்பிடு என்று இன்னொரு வகை லிப்பிடும் உண்டு, அவற்றின் வால்கள் பெரும்பாலும் நீளமானவை, நிறைவுற்றவை. அவை கொலஸ்ட்ராலோடு சேர்ந்து, சுற்றியுள்ள பகுதியைவிட ஒழுங்கான சிறு திட்டுகளாக மிதக்கின்றன என்று 1997இல் சைமன்ஸும் இகோனனும் முன்வைத்தார்கள். இவற்றுக்கு ‘ராஃப்ட்’, அதாவது தெப்பம், என்று பெயர். செயற்கைச் சவ்வில் இந்தப் பிரிவினையை நுண்ணோக்கியில் தெளிவாகப் பார்க்கலாம். உயிருள்ள செல்லில் அவை மிகச் சிறியவை, தோன்றி மறைபவை. எவ்வளவு நேரம் நிலைக்கின்றன என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

37 டிகிரியில வளர்ந்த பாக்டீரியாவை 20 டிகிரிக்கு மாத்தினா இளக்கம் குறையுமா, அப்படியே இருக்குமா? ஆன்சர் கீயில ரெண்டையும் சரின்னு போட்டிருக்காங்க.

எப்போது அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாற்றிய அடுத்த நிமிடம் அளந்தால் குறைந்திருக்கும். லிப்பிடு இன்னும் பழையதுதான், வெப்பநிலை மட்டும் இறங்கியிருக்கிறது. பல மணி நேரம் வளரவிட்டு அளந்தால் நிறைவுறா வால்கள் ஏறி, இளக்கம் பழைய அளவை நெருங்கியிருக்கும். வரைபடம் கேட்டால் சட்டென்று ஒரு பள்ளம், பிறகு மெல்ல ஏறும் கோடு.

அதே பாக்டீரியாவை மறுநாள் திரும்ப 37 டிகிரியில் வைத்தால்? குளிருக்குத் தைத்த சவ்வோடு சூட்டில் நிற்கும். கோடு முதலில் பழைய அளவுக்கு மேலே துள்ளி, புதிதாக நிறைவுற்ற வால்கள் சேரச் சேர இறங்கும். இந்த இரண்டாம் பாதியை வரையாமல் விட்டுத்தான் போன வருடம் வகுப்பில் பாதிப் பேர் இரண்டு மதிப்பெண் இழந்தார்கள்.